பிள்ளையின் மனமும் வீட்டுப் பெரியவர்களும்: சதுரங்கப்பட்டினக் கரையிலிருந்து

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கடற்கரைதான் வாசல், திடல் எல்லாம். பக்கத்திலேயே கல்பாக்கம் நகரியம். அணுசக்தித் துறை ஊழியர்களின் குடும்பங்களும் கரையை ஒட்டித்தான் குடியிருந்தன. அன்று காலை வந்த சுனாமி அலை குப்பம், நகரியம் என்று பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. சென்னை அணுமின் நிலையத்தின் நீரேற்று அறைக்குள் கடல் நீர் புகுந்ததும் ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அப்போதுதான் கட்டத் தொடங்கியிருந்த வேக ஈனுலையின் அடித்தளக் குழி வெள்ளத்தில் மூழ்கியது. உலைக்கு நேர்ந்ததைப் பொறியாளர்கள் ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார்கள், அதிலிருந்து பாடமும் கற்றார்கள்.

அந்தக் காலையைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளுக்கு என்ன ஆனது, எது அவர்களை மீட்டது என்பதையும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது மருத்துவ இதழ்களோடு நின்றுவிட்டது, வீடுகளுக்கு வந்து சேரவில்லை. அன்று பத்து வயதில் இருந்தவர்கள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் பலர் இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன். இந்தக் கரையில் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றிப் பேச வருகிறவர் அந்தத் தலைமுறையிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்த அலை கொண்டுபோனவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பாதிக்கப்பட்ட தமிழகக் கடலோரத்தில் பத்துப் பிள்ளைகளில் ஏழு பேருக்கு ஆரம்பத்தில் பேரதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்ததாகச் சொன்னது. தாய்லாந்தில் 7 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் முகாமில் தங்கியிருந்த பிள்ளைகளில் 13 விழுக்காட்டினரும், பாதிக்கப்பட்ட கிராமங்களிலேயே வசித்தவர்களில் 11 விழுக்காட்டினரும், அலை தொடாத கிராமங்களில் 6 விழுக்காட்டினரும் இந்த நிலையில் இருந்தார்கள். இலங்கையில் மூன்று கடலோர ஊர்களில் ஒரு மாதத்துக்குள் எடுத்த கணக்கு ஊருக்கு ஊர் 14இலிருந்து 39 விழுக்காடு வரை போனது. எண்கள் இப்படி ஏறி இறங்குவதைப் பார்த்து ஆய்வையே தள்ளிவிடக் கூடாது. அலை அடித்து எத்தனை நாளில் கேட்டார்கள், என்ன வினாத்தாளை வைத்துக் கேட்டார்கள், அந்தப் பிள்ளை வீட்டில் யாரை இழந்திருந்தது என்பதையெல்லாம் பொறுத்து எண் மாறும். ஆனால் ஒரே அலையைப் பார்த்த பிள்ளைகளில் சிலர் நொறுங்கிப்போக, சிலர் கொஞ்ச நாளில் எழுந்து விளையாடப் போனார்கள் என்பது எல்லா ஆய்வுகளிலும் தெரிகிறது. சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் 2006இல் எழுதிய கட்டுரைக்கு, சுனாமிக்கு ஆட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் சிகிச்சை தேவைதானா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தார்கள்.

ஒருவரை வீழ்த்தியதற்கும் மற்றவரை நிறுத்தியதற்கும் என்ன காரணம்? இதற்கு மிகக் கிட்டத்தில் போன ஆய்வு, என் கணிப்பில், ஈழத்தில் நடந்ததுதான். ஜெர்மன் உளவியலாளர் கிளாடியா கடானியும் உடன் ஆய்வாளர்களும் இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசி, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் போரையும் பார்த்தவர்கள், சுனாமியையும் பார்த்தவர்கள். அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது. ஐந்தில் ஒருவருக்குத் தீவிர மனச்சோர்வு. ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கேட்டார்கள்: வீட்டில் என்ன நடக்கிறது? 95.6 விழுக்காட்டினர் வீட்டுக்குள் ஏதோ ஒரு வகை வன்முறையை அனுபவித்திருந்தார்கள். எந்த வீட்டில் அடி அதிகம் என்று பார்த்தபோது இரண்டு காரணங்கள் முன்னுக்கு வந்தன. ஒன்று, போரின் பாதிப்பு. மற்றது, தகப்பனின் குடி.

இதை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து பார்க்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. 2003இலிருந்து தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை அரசின் கையில். அடுத்த ஆண்டே அலை. வலை போய், படகு போய், பிள்ளையைப் பறிகொடுத்து, தொழிலுக்கும் போக முடியாமல் உட்கார்ந்த ஆண்களில் பலருக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுவாக இருந்தது. துக்கத்தைக் கொட்ட அழவும் தெரியாமல், பேசவும் ஆளில்லாமல் குடித்தவர்களைக் குற்றவாளிகளாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான். ஆனால் இரவில் தடுமாறி வரும் அப்பாவின் காலடிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு பாயில் விழித்துக் கிடந்த பிள்ளைக்கு, டிசம்பர் 26 அந்த ஒரு நாளோடு முடியவில்லை.

அடிப்பது போரும் பேரிடரும் நடந்த ஊர்களுக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. மூவரில் இருவர் அடிபட்டவர்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தது பெற்றவர்களே. பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. வீட்டுக்குள் சட்டம் எட்டிப் பார்ப்பது அரிது. 'அடியாத மாடு படியாது' என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அடி படிய வைப்பதில்லை என்பதைப் பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அடிபட்ட பிள்ளை அந்த நேரத்துக்குப் பணிகிறது. அடுத்த முறை தப்பைச் செய்யாமலிருப்பதற்குப் பதில் மறைக்கக் கற்றுக்கொள்கிறது.

பெரியவர்களின் நிலை பிள்ளையைத் தொற்றும் என்பதை இரண்டாம் உலகப் போர்க்காலத்து லண்டனில் ஆன்னா பிராய்டும் டாரதி பர்லிங்கமும் கண்கூடாகப் பார்த்தார்கள். குண்டுவீச்சுக்கு நடுவே ஹாம்ப்ஸ்டெட்டில் அவர்கள் குழந்தைகள் காப்பகங்களை நடத்தினார்கள். குண்டு விழுவதைவிடத் தாயைப் பிரிந்திருப்பதே சின்னக் குழந்தைகளை அதிகம் உலுக்கியது என்றும், தாய் பதறாமல் இருந்த இடத்தில் குழந்தையும் பெரும்பாலும் பதறவில்லை என்றும் எழுதினார்கள். எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கவனிப்பு இன்றுவரை நிற்கிறது. பச்சைக் குழந்தையிடமே இதைப் பார்க்கலாம். 1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த சோதனையில், கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சில நிமிடம் முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல் குழந்தையையே பார்த்தபடி இருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தளர்ந்துபோகும். இந்தச் சோதனையின் படத்தைப் பார்த்த பிறகு, இடுப்பில் குழந்தையும் கையில் செல்போனுமாக நிற்கும் எந்த வீட்டையும் பழைய கண்ணோடு பார்க்க முடிவதில்லை.

சுனாமிக்குப் பிறகு ஊருக்குள் வந்த உதவிகளில் ஒரு பாதியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆலோசகர்கள் என்ற பெயரில் பலர் வந்தார்கள். ஓரிரு நாள் இருந்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, என்ன பார்த்தாய், என்ன தோன்றியது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நடந்ததை ஒரே அமர்வில் முழுவதும் சொல்லவைப்பது பின்னால் வரும் பாதிப்பைத் தடுக்காது, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று அதற்கு முன்பே ஆய்வுத் தொகுப்புகள் எச்சரித்திருந்தன. நல்ல வேலையும் நடந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்திலிருந்து பேராசிரியர் கே. சேகர் முதலானோர் உள்ளூர் ஆட்களையே, ஆசிரியர்களையும் தொண்டர்களையும், பயிற்றுவிக்கும் வழியில் போனார்கள். படம் வரைவது, கதை சொல்வது, விளையாட்டு என்று பிள்ளை தானாக வெளிப்படுத்தும் அளவுக்கு மட்டும் கேட்பது. அதைவிட முக்கியம், பள்ளிகளைச் சீக்கிரம் திறந்தது. மணி அடிக்கும், வரிசையில் நிற்பார்கள், மதியம் சத்துணவு வரும் என்று நாளுக்கு ஓர் ஒழுங்கு திரும்பியது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிவதே பயந்த பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

இந்த அனுபவங்களையெல்லாம் சேர்த்துத்தான் 2007இல் பன்னாட்டு அமைப்புகளின் கூட்டுக்குழு ஒன்று பேரிடர்க்கால மனநல வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன் அமைப்பு எளியது. எல்லாருக்கும் வேண்டியது உணவு, உறைவிடம், பாதுகாப்பு. அதற்கடுத்துக் குடும்பமும் ஊரும் தரும் ஆதரவு. அதற்கும் மேலே கொஞ்சம் பேருக்குப் பயிற்சி பெற்றவர்களின் துணை. மிகச் சிலருக்கே மனநல மருத்துவம். சிகிச்சை வேண்டாதது என்று இதற்குப் பொருளில்லை. வேண்டியவர்களுக்கு அது பலன் தருகிறது: அதே கடானியின் குழு, சுனாமிக்குப் பின் வடகிழக்கு இலங்கையின் முகாம் ஒன்றில் 31 பிள்ளைகளுக்கு, உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களைக் கொண்டே ஆறு அமர்வுகள் நடத்தியது. ஒரு பிரிவுக்கு வாழ்க்கைக் கதையை வரிசைப்படுத்திச் சொல்லும் முறை, மற்றதற்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவிலும் பத்தில் ஏழு எட்டுப் பேர் மீண்டிருந்தார்கள். என்ன முறை என்பதைவிட, பிள்ளையின் மொழி பேசுகிற ஒருவர் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்ததுதான் அங்கே வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒருவர் போதும் என்பதற்கு உலகின் மிக நீண்ட சான்று ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் இருக்கிறது. காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவர் குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோர் சண்டை, குடி, மனநோய் எல்லாம் சூழப் பிறந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நன்றாக வளர்ந்தார். அவர்களிடம் பொதுவாக இருந்தது, சின்ன வயதிலிருந்தே தங்களை விட்டுக்கொடுக்காத ஒரு பெரியவர். பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியாக இருக்கலாம், அத்தையாக, வாத்தியாராக இருக்கலாம். நம் குப்பங்களில் ஆயாக்கள் செய்கிற வேலை இது. அம்மா விடிகாலையில் மீன் ஏலத்துக்குப் போய்விட, பிள்ளையை எழுப்பித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது ஆயாதான். அவரை எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த ஊரின் இன்றைய வாழ்க்கைக்கு வருகிறேன். அடுத்தடுத்து இரண்டு உலகங்கள் இப்படி ஒட்டிக் கிடக்கும் ஊர் தமிழகக் கரையில் அதிகமில்லை. ஒரு பக்கம் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும், பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அணுசக்தி மத்தியப் பள்ளிகள், கேந்திரிய வித்யாலயா, எட்டாம் வகுப்பிலேயே தொடங்கும் நுழைவுத்தேர்வுப் பயிற்சி. மறு பக்கம் ஃபைபர் படகும் வலையும், அரசுப் பள்ளியும், வீட்டில் முதன்முதலாகப் பிளஸ் டூ எழுதப் போகும் பிள்ளையும். நகரியத்து அப்பா, தான் படித்த அளவுக்காவது படி என்கிறார். குப்பத்து அப்பா, "நான் கடல்ல படுற பாடு உனக்கு வேணாம்டா" என்கிறார். இரண்டும் அன்பில் வரும் சொற்கள். இரண்டிலும் பிள்ளையின் தோளில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே ஏற்றி வைக்கப்படுகிறது. தோற்றால் தோற்பது தான் மட்டுமில்லை என்று அந்தப் பிள்ளை நினைக்கத் தொடங்குகிறது.

அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புத்தகம் சொல்கிறது. 2022ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். மாநில வரிசையில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது. லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு தேர்வு முடிவு நாட்களின் ஆபத்தைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. தோற்றவர்கள் ஓராண்டு காத்திராமல் ஒரு மாதத்திலேயே மறுபடி எழுத வழிசெய்த துணைத் தேர்வு, அப்படிப்பட்ட வற்புறுத்தலால் வந்த மாற்றம். அது உயிர்களைக் காத்தது. 2017இல் பள்ளிக் கல்வித் துறை மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிப்பதையும் நிறுத்தியது. அரசு ரேங்க் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டது. வீடுகள் எறியவில்லை. மே மாதத்தில் முடிவு வந்த அன்று மாமாவும் சித்தப்பாவும் போன் போட்டுக் கேட்கும் முதல் கேள்வி இன்றும் மார்க்தான்.

ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். பதினொன்றாம் வகுப்புப் பையன். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 31. விடைத்தாளைப் பையின் அடியில் திணித்து வைத்திருக்கிறான். அப்பா பார்த்துவிடுகிறார்.

"என்னடா இது? ட்யூஷனுக்குக் கட்டுன காசெல்லாம் தண்டமா? பக்கத்து வீட்டுப் பையனும் அதே கிளாஸ்தானே?"

பையன் தலைகுனிந்து நிற்கிறான். "பேசுடா" என்கிறார். பேச என்ன இருக்கிறது? எந்தப் பதில் சொன்னாலும் அடுத்த திட்டுக்குத்தான் அது வழி. இங்கே அப்பாவுக்குத் தெரியாமல் போனது: கணக்கு ஆசிரியர் பாதியில் மாற்றலாகிப் போனது, புதியவர் நடத்துவது புரியாதது, புரியவில்லை என்று எழுந்து சொல்லக் கூச்சம். சிக்கலைத் தீர்க்கும் சாவி மொத்தமும் பையனிடம் இருந்தது. கதவை அப்பாவே சாத்திவிட்டார்.

அதே அப்பா, அதே 31. விடைத்தாளை மேசைமேல் வைத்துவிட்டு, "சாப்ட்டியாடா?" என்று முதலில் கேட்கிறார். சாப்பிட்டபின், "மார்க்கைப் பாத்தேன். உனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும், இல்ல?" என்கிறார். பையன் உடனே பேசமாட்டான். பதினாறு வயதுப் பிள்ளைகள் உடனே பேசுவதில்லை. அப்பா எழுந்து போகாமல் அங்கேயே இருக்கிறார். ஐந்து நிமிடம் போகிறது. "அந்த சார் போனதுலேர்ந்து ஒண்ணும் புரியலப்பா." அவ்வளவுதான். மீதி வேலை சுலபம்.

இது செல்லம் கொடுப்பது ஆகாது. 31 என்பது 31தான், அதற்கு மறுநாள் வழி காண வேண்டும். ஆனால் முதலில் உணர்ச்சிக்குப் பெயர் வைத்துவிட்டால் அது அடங்கத் தொடங்கும் என்பதற்கு மூளை ஆய்விலும் ஆதாரம் இருக்கிறது. 2007இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாத்யூ லீபர்மன் குழுவினர், கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைக் காட்டி அந்த உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கச் சொன்னபோது, மூளையில் அச்சத்தை எழுப்பும் பகுதியின் கொதிப்பு தணிவதைப் பதிவு செய்தார்கள். கஷ்டமா இருக்கா, பயமா இருக்கா, அவமானமா போச்சா என்று கேட்பது வெறும் கரிசனப் பேச்சு இல்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் பத்து வயது வரை பையன்களோடு சேர்ந்து அலையில் குதிக்கும் பெண், வயதுக்கு வந்ததும் ஒரே வாரத்தில் கடலை இழக்கிறாள். விளையாட்டை, தோழிகளோடு வெளியே சுற்றுவதை, பல வீடுகளில் சத்தமாகச் சிரிப்பதைக்கூட இழக்கிறாள். உடலும் மனமும் மிக வேகமாக மாறும் வயதில், நட்பும் ஓட்டமும் அதிகம் வேண்டிய வயதில், அவற்றைப் பிடுங்கிவிட்டு, பிள்ளை ஏன் எரிந்து எரிந்து விழுகிறது என்று கேட்கிறோம். மாமல்லபுரத்தில் ஒரு தாய் வேறு மாதிரி முடிவு எடுத்தார். ஊர் என்ன பேசினாலும் மகள் கமலியை ஸ்கேட்போர்டும் அலைச்சறுக்கும் விளையாட விட்டார். அந்தத் தாயையும் மகளையும் பற்றி எடுக்கப்பட்ட 'கமலி' என்ற குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, மகளின் விருப்பத்துக்கும் ஊரின் வாய்க்கும் நடுவில் அந்தத் தாய் நின்ற இடம். கோவளத்தில் மூர்த்தி மேகவன் மீனவப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு கற்றுத்தரத் தொடங்கியபோது வைத்த நிபந்தனையும் நினைவில் கொள்ளத் தக்கது: குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. எந்த அலையைப் பார்த்து ஒரு தலைமுறை பயந்ததோ, அதே அலையில் அடுத்த தலைமுறை விளையாடுகிறது. அதற்குக் கூடவே நின்ற பெரியவர்கள்தான் காரணம்.

செல்போனைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது வகுப்பை நாமேதான் அதற்குள் கொண்டுபோய் வைத்தோம். ஒன்று முதல் எட்டு வரை படித்தவர்கள் 2021 நவம்பரில்தான் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். இடையில் பிள்ளைகளின் நட்பும் பொழுதுபோக்கும் அதிலேயே குடியேறிவிட்டன. பெரியவர்கள் சாப்பிடும்போது போனை எடுத்து வைத்தால் பிள்ளையிடமும் எடுத்து வைக்கச் சொல்லலாம். இல்லையென்றால் சொல்லிப் பயனில்லை.

சாதாரண வருத்தத்துக்கும் நோய்க்கும் எல்லை எங்கே? 2015-16இல் நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாகக் கணக்கிட்டது. நாற்பது பேர் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு ஆகியவற்றில் இரண்டு வாரத்துக்கு மேல் மாற்றம் நீடித்தால் கவனிக்க வேண்டும். பிடித்த விளையாட்டை விட்டுவிடுவது, பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, கையில் கீறல்கள், 'நான் இல்லாம இருந்தா நல்லது' என்ற பேச்சு ஆகியவை தெரிந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அப்போது நேராகக் கேட்க வேண்டும்: "செத்துப்போகலாம்னு தோணுதா கண்ணு?" கேட்டால் அந்த நினைப்பை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பெற்றோர் எல்லாருக்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 2,342 மாணவர்களிடம் நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வு அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டியது. கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சல் கூடவில்லை. ஏற்கெனவே துன்பத்தில் இருந்தவர்களுக்குச் சற்றுக் குறைந்ததாகவே தெரிந்தது. பிள்ளை ஆம் என்றால் தனியே விடாமல் கூடவே இருந்து, வீட்டிலுள்ள மருந்து மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அகற்றி, அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 'பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம்' என்று ஊர் பேசும் என்பதற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

பிள்ளைகளுக்கு ஆலோசனை, பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு முகாம், பிள்ளைகளுக்கு யோகா என்று எல்லாவற்றையும் பிள்ளையின் தலையிலேயே கட்டுகிறோம். வடகிழக்கு இலங்கையின் 296 பிள்ளைகளும் லண்டன் காப்பகமும் காவாய் தீவும் விரல் நீட்டுவது பெரியவர்களின் பக்கம். குடிக்கும் தகப்பனுக்குச் சிகிச்சை தராமல், துக்கத்தை இருபது ஆண்டாக விழுங்கி வைத்திருக்கும் தாய்க்குப் பேச ஓர் ஆள் தராமல், வேலையும் கவலையுமாக வீடு திரும்பும் பொறியாளருக்கு மகனோடு உட்கார நேரம் தராமல், பிள்ளையை மட்டும் அழைத்துவைத்து மனஉறுதி போதிப்பது வீண் வேலை. சுனாமியைப் பார்த்த பிள்ளைகள் இன்று பெற்றோராகியிருக்கும் இந்தக் கரையில் இது இன்னும் பொருந்தும். அவர்களில் எத்தனையோ பேரிடம் அன்றைக்கு உனக்கு என்ன ஆச்சு என்று இதுவரை யாரும் கேட்டதே கிடையாது.

செய்வதற்கு இடமும் இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். அதோடு ஆண்டுக்கு இரண்டு கூட்டமாவது பிள்ளைகளின் மனநிலைக்கு என்று ஒதுக்கலாம். பகலில் வைத்தால் அம்மாக்கள் மட்டுமே வருவார்கள். தகப்பன்மார் கரை திரும்பி வலையை எடுத்து வைத்த பின், மாலையில், அவர்கள் கூடும் இடத்திலேயே வைக்கலாம். குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. தொழில் தகராறையும் கோயில் கணக்கையும் தீர்க்கிற பஞ்சாயத்தார், குடித்துவிட்டுப் பிள்ளையை அடிப்பதும் ஊர்ப் பிரச்சினைதான் என்று ஒரு முறை சொல்லிவிட்டால், எந்த அரசு விளம்பரமும் செய்யாத வேலையை அது செய்யும். நகரியத்தில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் மதிப்பெண் அட்டையை நீட்டுவதற்கு முன், இந்தப் பிள்ளை யாரோடு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறது என்று ஆசிரியர் பெற்றோரிடம் சொல்லட்டும்.

மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபர் 10இலிருந்து செயல்படுகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டையும் பிள்ளையின் கண்ணில் படும்படி வீட்டுச் சுவரில் இன்றே எழுதி ஒட்டுங்கள். 14416 பிள்ளைகளுக்கு மட்டுமானதல்ல, பெற்றோரும் பேசலாம். தேவைப்பட்டால் முதலில் நீங்கள் பேசுங்கள்.